மௌனம் யாருடைய சம்மதம்?

மன்னார்குடியில் இருக்கும் என் அத்தைக்கு வயது 71. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வந்து விழும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பாஸ்புக்கை நீட்டி, "என்னமோ மாசாமாசம் குறையுது தம்பி, என்னன்னு பாரேன்" என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 299 ரூபாய். எதிரே 'நாச்' என்று போட்டு ஒரு நீண்ட எண், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு நிறுவனப் பெயர். மொத்தம் பதினான்கு முறை. நடுவில் ஒரு மாதம் கணக்கில் பணம் போதவில்லை. அந்த மாதம் வேறொரு தொகை போயிருந்தது: 250 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 295 ரூபாய். எடுப்பதற்குப் பணம் இல்லை என்பதற்காக எடுத்த பணம் அது. எல்லாம் சேர்ந்து 4,481 ரூபாய். அத்தையின் இரண்டு மாத ஓய்வூதியத்துக்கும் மேல்.

வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியில் தேடி, நகைக்கடன் வைத்த நாளில் அத்தை கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். ஏதோ ஒரு மருத்துவத் திட்டம். "பாட்டிதான் சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அத்தை எட்டிப் பார்த்தார். "ஆமா, என் கையெழுத்துதான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் விடவில்லை. இப்படி ஒரு திட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றேன். "மாசாமாசம் எஸ்எம்எஸ் போயிருக்கே சார். ஒரு தடவைகூட யாரும் கேக்கலையே" என்று சொல்லி, பதிவில் இருந்த எண்ணைப் படித்தார்.

அது என் எண். அத்தையிடம் கைபேசி இல்லை என்று கணக்கு தொடங்கியபோது நான்தான் கொடுத்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பழைய குறுஞ்செய்திகளைத் தேடினேன். ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தன. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வருகிற குப்பையோடு குப்பையாக, பிரிக்காமலே கிடந்தன.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்போம். இங்கே மௌனமாக இருந்தவன் நான். சம்மதித்ததாகக் கணக்கில் ஏறியவர் அத்தை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: பேசாமல் இருப்பதை வைத்து ஒருவரிடமிருந்து எவ்வளவு தூரம் எடுக்கலாம்?

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 13-ஆவது பிரிவு சம்மதத்துக்குச் சொல்லும் இலக்கணம் எளிமையானது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை, ஒரே பொருளில் புரிந்துகொண்டு ஒத்துப்போனால்தான் அது சம்மதம். அத்தை அன்று ஒத்துக்கொண்டது நகைக்கடனுக்கு. தாளை நீட்டியவர் மனதில் இருந்தது வேறு. கையெழுத்து ஒன்று, பொருள் இரண்டு. ஆனால் கணினிக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும்.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1862-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தன் அண்ணன் அல்லது தம்பி மகனின் குதிரையை வாங்க விரும்பினார். உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் குதிரை எனக்கு என்று கருதிக்கொள்வேன், என்று கடிதம் போட்டார். அவன் பதில் எழுதவில்லை. உண்மையில் அவனுக்கு விற்க விருப்பம்தான். ஆனாலும் நீதிமன்றம் ஒப்பந்தம் ஏற்படவில்லை என்றது. 'பதில் சொல், இல்லாவிட்டால் சம்மதம்' என்ற சுமையை அடுத்தவர் தலையில் ஏற்ற ஒருவருக்கும் உரிமை கிடையாது என்பதே அதன் சாரம்.

இதே சண்டை தத்துவத்திலும் உண்டு. ஒரு நாட்டில் இருந்து, அதன் சாலையில் நடந்தாலே அந்த அரசுக்கு வாய்திறவாச் சம்மதம் தந்ததாகும் என்றார் ஜான் லாக். டேவிட் ஹியூம் 1748-இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். தூங்குகிறவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, கப்பலில் இருப்பதால் மாலுமியின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டாய் என்று சொல்லலாமா? வெளியேற வேண்டுமானால் அவன் கடலில்தான் குதிக்க வேண்டும்.

அத்தை ஏறியது அப்படியொரு கப்பல். ஏறுவதற்கு ஒரு கையெழுத்து போதும். இறங்குவதற்கு விண்ணப்பம், ஆதார் நகல், மூன்று முறை தொலைபேசி, எண் ஒன்றை அழுத்து, எண் இரண்டை அழுத்து. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று அமைப்பதற்கு அந்தப் பெயர். காகிதத்தில் வைத்தாலும் பொறி பொறிதானே.

தானாகப் பணம் போவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். என் காப்பீட்டுப் பிரீமியம் அப்படித்தான் போகிறது. இல்லாவிட்டால் நான் என்றோ மறந்து, பாலிசி காலாவதியாகியிருக்கும். மறதி மனித இயல்பு. ஆகவே நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: இப்படிப் பணம் போவது எனக்கு நன்றாக நினைவிருந்தால், எடுப்பவருக்கு நஷ்டமா? காப்பீட்டில் நஷ்டமில்லை, நானே கட்டுவேன். அத்தையின் திட்டத்தில், நினைவு வந்த அன்றே வியாபாரம் முடிந்தது. ஒருவருடைய தெரியாமையை நம்பி மட்டுமே ஓடும் வருமானத்தை நியாயமான வருமானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. அட்டை, யூபிஐ வழியாகத் தானாகப் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாக ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அங்கீகாரமில்லாத பரிவர்த்தனையில் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்று 2017 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் புரியாமல் போட்ட கையெழுத்தும் வங்கியின் கண்ணில் அங்கீகாரம்தான். ஐரோப்பாவின் செபா முறையில் சாதாரண வாடிக்கையாளர் எட்டு வாரத்துக்குள் கேட்டால், காரணம் சொல்லாமலே பணத்தைத் திரும்பப் பெறலாம். தூங்கியவன் விழிக்க அங்கே கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். வங்கிக்கும் நிறுவனத்துக்கும் புகார் அனுப்பினேன். 26-ஆம் நாள் கடைசி ஆறு மாதப் பணம், 1,794 ரூபாய், 'நல்லெண்ண அடிப்படையில்' திரும்பி வந்தது. மீதிக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் போகலாம், கட்டணம் கிடையாது என்றேன்.

"போதும் விடுப்பா. போட்டது நாந்தானே" என்றார் அத்தை. முப்பது வருஷம் அரிசி, பருப்புக் கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டவர். போட்டால் போட்டதுதான் என்று வாழ்ந்தவர். சொன்ன சொல்லை மதிக்கிறவர்களிடம்தான் இந்த ஏற்பாடு சுலபமாகச் செல்லுபடியாகிறது என்பது எனக்கு அப்போது உறைத்தது. வாதாடி, சம்மதம் வாங்கி, மனுவை அனுப்பினேன்.

கிளம்பும்போது மீதி 2,687 ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தேன். வாங்கவில்லை.

"நீ எதுக்குத் தர்றே? நீயா எடுத்தே?"

குறுஞ்செய்தி எல்லாம் என் போனுக்குத்தான் வந்தது என்பதை நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. வங்கி இளைஞர் எண்ணைப் படித்தபோது அவர் கவனித்தாரா என்றும் தெரியாது. பேசாமல் நின்றேன். பிறகு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.