குளிசையும் மனச்சாட்சியும்

தீய எண்ணத்தோடு பிறருக்குக் கேடு செய்பவன் குற்றவாளி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நன்மை செய்ய நீட்டிய கையினாலேயே கேடு விளைந்தால் பொறுப்பு யாருடையது? வைத்தியசாலையில் முதியோர் மருந்தினால் பாதிப்புறும்போது எழும் கேள்வி இதுவே.

முதுமையில் சிறுநீரகம் மருந்தை மெதுவாகவே வெளியேற்றுகிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. நாற்பது வயதினருக்கு ஏற்ற அளவு, எண்பது வயதினரை விழுத்தி இடுப்பெலும்பை முறிக்கக்கூடும். சாப்பிடாதிருக்கும் நீரிழிவு நோயாளிக்கு வழமையான அளவில் இன்சுலின் ஏற்றினால் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அப்போது உண்டாகும் தடுமாற்றத்தை "வயது போனால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்தக் குளிசையால் கால் வீங்க, அதைப் புதிய நோயென எண்ணி, நீர் போவதற்கு இன்னொரு குளிசை கொடுக்கப்படுவதும் உண்டு. அமெரிக்க வைத்தியர் மார்க் பியர்ஸ், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலை 1991 இல் வெளியிட்டார். பின்னர் முதியோர் அனைவருக்குமாக விரிக்கப்பட்ட அப்பட்டியல் இன்றும் திருத்தப்பட்டு வருகிறது.

தவறியவரைத் தண்டித்தால் போதும் என்பர் சிலர். அது நீதிபோலத் தோன்றினும் முழு நீதியாகாது. நிறைந்த வாட்டில் இரவிரவாக நிற்கும் தாதி தண்டனைக்கு அஞ்சித் தவறை மறைப்பாராயின், அதே தவறு அடுத்த கட்டிலிலும் நிகழும். உலக சுகாதார நிறுவனம், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இயக்கமொன்றை 2017 இல் தொடங்கியபோது, தனியாட்களை மட்டுமன்றி மருந்து வழங்கும் முறையையே திருத்துமாறு கேட்டது. எனினும், முறையின்மேல் பழியைப் போட்டுவிட்டு அறிந்தும் வாய்திறவாதவர் குற்றமற்றவராகார். தவறுவது மனித இயல்பு. மறைப்பது நாமாகத் தெரிந்துகொள்வது.

இது வீட்டாருக்கும் பொருந்தும். ஏச்சுக்குப் பயந்து நாட்டு மருந்தை மறைக்கிறோம். பனடோலும் பரசிற்றமோலும் ஒன்றே என்றறியாமல் இரண்டையும் கொடுக்கிறோம். ஆகவே, வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு, கசாயம் உட்பட வீட்டிலுள்ள மருந்துகள் யாவற்றையும் கொண்டுசெல்வோம். துண்டு வெட்டி வீடு திரும்புமுன், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். நாமாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். அவ்வாறு கேட்பவர்மீது சினங்கொள்ளாதிருப்பது வைத்தியரின் கடமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலில் இருப்பவரையே முதலில் கேட்போம். "அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது" என்று அவரது தலைக்கு மேலால் நாம் பேசும் வேளையில், "இந்தக் குளிசை நான் வழமையாய்ப் போடுவதல்லவே" என்று அவர் முணுமுணுக்கக்கூடும். அச்சொல்லுக்குச் செவிகொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. சில வேளைகளில் அதுவே அவர் உயிரையும் காக்கும்.