கேட்டதும் கண்டதும்

‘இது எப்படி?’ என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தான் கேட்டு உருகிய ஒரு சங்கீதத்தை நம் காதிலும் போட்டுவிட்டு, நம் தலை அசைகிறதா, கண் கலங்குகிறதா என்று அவன் காத்திருப்பான். தலை அசையாவிட்டால் அவனுக்கு உண்டாகும் ஏமாற்றம் லேசானதல்ல. ஒரு மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்து, நாம் அதைப் புளிக்கிறது என்றால் அவன் இவ்வளவு வருந்தமாட்டான். ‘உன் நாக்கு அப்படி’ என்று சிரித்துவிட்டு மீதித் துண்டுகளையும் தானே தின்றுவிடுவான். சங்கீதத்தில் மட்டும் அப்படி விட்டுவிட அவனுக்கு மனம் வருவதில்லை. ஏன்?

கேள்வி பழையது. ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட் 1790-ல் எழுதிய நூலில் இதற்குள் புகுந்து பார்த்திருக்கிறார். ஒரு பானம் எனக்கு இனிக்கிறது என்று சொல்லும்போது நான் என்னைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். ஒன்று அழகாயிருக்கிறது என்று சொல்லும்போதோ, நீங்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். நிரூபிக்க என்னிடம் அளவுகோல் எதுவும் இல்லாவிட்டாலும் கேட்கிறேன். இதுதான் அவர் கண்ட வித்தியாசம். அளவுகோல் இல்லாத உரிமை! நம் வீட்டுத் திண்ணைச் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

நான் இங்கே பேச வந்தது சினிமாவின் பின்னணி இசையைத் தனியாகக் கேட்டு, அபிப்பிராயங்களைப் பரிமாறிக்கொள்கிறார்களே, அந்த ரசிகர்களைப் பற்றி. சினிமாச் சங்கீதம் என்றால் நமக்கு வெகுகாலம் பாட்டுத்தான். வசனத்துக்கு அடியிலும், மௌனத்துக்கு நடுவிலும் ஓடுகிற வாத்தியங்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. பின்னணி என்ற பெயரே அதற்கு நாம் கொடுத்த இடத்தைச் சொல்லிவிடுகிறது. கல்யாண வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, கடைசிப் பந்தி எழுந்த பிறகு அடுக்களையிலேயே ஓர் ஓரமாக இலை போட்டுக்கொண்டு உட்காரும் அத்தையைப் போன்றது அது. இந்த ரசிகர்கள் அந்த அத்தையைக் கூடத்துக்கு அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, எல்லோரும் பாருங்கள் என்கிறார்கள். அத்தைக்கு அதில் பெருமையா, கூச்சமா என்பது வேறு விஷயம்.

மேல்நாட்டில் இவர்களுக்கு வசதி அதிகம். 1972-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி, எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்ட் பழைய ஹாலிவுட் படங்களுக்கு எழுதிய இசையைப் புதிதாக வாசிக்கச் செய்து தட்டாக வெளியிட்டது. அதைத் தொடர்ந்து மற்றவர்களின் இசையும் வரிசையாக வந்தது. எல்மர் பெர்ன்ஸ்டைன் என்ற இசையமைப்பாளர் 1974 முதல் சில வருஷங்கள், தம்மைப் போன்றவர்களின் மறந்துபோன படைப்புகளைத் தாமே முன்னின்று பதிவு செய்து, சந்தா கட்டிய ரசிகர்களுக்குத் தட்டுகளாக அனுப்பிவந்தார். நம் ஊரில் பின்னணி இசை தனியாக வெளிவருவது அபூர்வம். ஆகவே நம் ரசிகர்கள் படத்திலிருந்தே அதை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். இளையராஜாவின் படங்களில் இப்படி வெட்டப்படாத படம் இருக்குமா என்பது சந்தேகம். வெட்டும்போது இசையோடு அரை வசனம், ஒரு கதவுச் சத்தம், தூரத்தில் ஒரு ரயில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றோடுதான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேர் இதற்காகவே கூடுவதுண்டு. நானும் போவேன். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து போட வேண்டும். கேட்டு முடித்த பிறகு மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். ஒரு நாள் அவர் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் பின்னணித் துணுக்கைக் கைப்பேசியில் கொண்டுவந்து போட்டார். ஒன்றரை நிமிஷம் இருக்கும். ஒரு புல்லாங்குழல், கீழே மெல்லிய தந்தி வாத்தியங்கள். முடிந்ததும், “இந்த மாதிரி ஒரு இசை தமிழில் வந்ததே இல்லை. அவளும் நானும் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தோம்” என்றார்.

எட்டு வருஷம் வயலின் கற்ற இளைஞர் ஒருவர் அங்கே உண்டு. கெட்டிக்காரர். “சார், தப்பாக நினைக்காதீர்கள். இதில் சங்கீதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வருகிறது. உங்களுக்குப் பிடித்திருப்பது இசையில்லை, ஞாபகம்” என்றார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. “இருக்கலாம் தம்பி” என்று கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காப்பி வந்தது, குடித்தார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஆனால் தாம் எதையும் கொண்டுவரவில்லை. மற்றவர்கள் போட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் “நன்றாயிருக்கிறது” என்றார். எல்லாவற்றுக்குமே ‘நன்றாயிருக்கிறது’!

இளைஞர் செய்தது மரியாதைக் குறைவு என்று மற்றவர்கள் கடிந்துகொண்டார்கள். “அப்படியானால் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியை மரியாதை என்ற துணியைப் போட்டு மூடிவிட எனக்கு விருப்பமில்லை. கேட்டு ரசிப்பதற்காகக் கூடுகிற இடத்தில் உண்மை பேசக்கூடாது என்றால், பிறகு எதற்குக் கூட வேண்டும்? ஆனால் அவர் சொன்னது உண்மைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

இசை ஒரு பக்கம், ஞாபகம் ஒரு பக்கம் என்று அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரிப்பதுபோல் பிரித்துவிடலாம் என்று அவர் நினைக்கிறார். கச்சேரி சங்கீதத்தில் ஒருவேளை அது முடியலாம். சினிமாவின் பின்னணி இசையோ ஒரு நிகழ்ச்சியோடு ஒட்டுவதற்கென்றே செய்யப்படுவது. 1955-ல் வந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இசை ரவிசங்கர். வெளியூரில் இருந்து திரும்பி வந்த ஹரிஹரன், மகள் துர்க்கைக்காக வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுகிறான். மகள் இறந்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது. தாய் சர்வஜயா வாய்விட்டு அழுகிறாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்ச ஸ்தாயியில் வீறிடுகிறது. எஸ்ராஜ் போன்ற தந்தி வாத்தியத்தில் குழல் ஒன்றைப் பொருத்திச் செய்த கருவி அது. படத்தைப் பார்த்தவன் இதைத் தனியாகக் கேட்டால் அவன் காதில் விழுவது தாயின் குரல். பார்க்காதவன் கேட்டால், வடநாட்டு வாத்தியம் ஒன்றை யாரோ திறமையாக வாசிக்கிறார்கள் என்பான். இருவரில் இசையைக் கேட்டவன் யார்? இரண்டாமவன்தான் சுத்தமாக இசையை மட்டும் கேட்டான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் பெரியவர் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். ‘இதைக் கேட்டால் எனக்கு அவள் ஞாபகம் வருகிறது’ என்று நிறுத்தியிருந்தால் அது அவருடைய சொத்து. யாரும் கை வைக்க முடியாது. ‘இந்த மாதிரித் தமிழில் வந்ததே இல்லை’ என்றபோது அவர் பொதுச்சந்தைக்கு வந்துவிட்டார். சந்தைக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்வார்கள்.

அப்படியானால் இளைஞர் தவறியது எங்கே? டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1757-ல் ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘டான் குவிக்ஸோட்’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாங்கோ பான்ஸாவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் திராட்சை மதுவைச் சுவைத்து அபிப்பிராயம் சொல்ல அழைத்தார்கள். ஒருவர் சுவைத்துவிட்டு, நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்றார். மற்றவர், நல்ல மதுதான், ஆனால் இரும்பு வாடை அடிக்கிறது என்றார். சுற்றி நின்றவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள். பீப்பாய் காலியான பிறகு அடியில் ஒரு பழைய சாவி கிடந்தது. அதில் ஒரு தோல் வார் கட்டியிருந்தது.

நுட்பமான நாக்கு உள்ளவர்களுக்குச் சாதகமாகத்தான் ஹியூம் இந்தக் கதையைச் சொல்கிறார். சிரித்தவர்கள் எத்தனை பேர் என்பது சாவியை இல்லாமல் செய்துவிடவில்லை. கையெண்ணிக்கையைக் கொண்டு சங்கீதத்துக்கு மார்க் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். எனக்கு அதில் வேறொன்றும் படுகிறது. அந்த இருவரும் மதுவைப் பற்றிச் சொன்னார்கள். பக்கத்தில் நின்று குடித்தவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நம் இளைஞர் ‘நாலு ஸ்வரம்தான்’ என்றது மதுவைப் பற்றிய பேச்சு; அது சரியோ தப்போ, மறுபடி போட்டுக் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். ‘உங்களுக்குப் பிடித்தது இசையில்லை’ என்றாரே, அது குடித்தவரைப் பற்றிய பேச்சு. அதைச் சரிபார்க்க எந்தப் பீப்பாயைக் காலி செய்வது? ஒருவர் நெஞ்சுக்குள் நடந்ததற்கு இன்னொருவர் சாட்சி சொல்லப் போனார். அதன் பலனாக ஓர் உண்மையான ரசிகர், எல்லாவற்றையும் ‘நன்றாயிருக்கிறது’ என்று சொல்லும் உபசாரக்காரராகிவிட்டார். உண்மைக்காகப் பேசிய பேச்சு ஒரு பொய்யை உற்பத்தி செய்துவிட்டது.

திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் கம்பன் கவியை அனுபவிக்கப் பலர் கூடுவார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டு பிடிபடவில்லை என்றால், அவர் வாதாடுவதைவிடப் பாட்டைத் திரும்பச் சொல்லிக் காட்டுவதையே நம்பினார். வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்தி, இன்னொரு முறை. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அபிப்பிராயம் மாறுவதும் அப்படித்தான். ‘சைக்கோ’ படத்தில் அந்தக் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மான் அதையும் மீறி, வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார். ஹிட்ச்காக் கேட்டார், மனத்தை மாற்றிக்கொண்டார். அது 1960. அதே இருவர் 1966-ல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்தின்போது இசையினாலேயே பிரிந்துபோனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் வழக்கு ஒன்று உண்டு. 1968-ல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001’ விண்வெளிப் படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். படம் திரையிடப்பட்டபோது போய் உட்கார்ந்து பார்த்தார். அவருடைய இசையில் ஒரு துளிகூட அதில் இல்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ் முதலானோரின் சங்கீதத்தையே குப்ரிக் வைத்துக்கொண்டுவிட்டார். இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. அவர் 1991-ல் காலமானார். 1993-ல் அவருடைய நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அந்த இசையைப் பெரிய வாத்தியக் குழுவைக் கொண்டு வாசிக்கச் செய்து வெளியிட்டார். படம் இல்லாத பட இசை! ஞாபகத்தின் கலப்பு கொஞ்சமும் கிடையாது. நம் இளைஞர் ஆசைப்பட்ட சுத்தமான பரீட்சை இதுதான். அதைக் கேட்டவர்கள் ஒருமித்தார்களா? இல்லை. அருமையான இசை, குப்ரிக் அநியாயம் செய்துவிட்டார் என்கிறார்கள் சிலர். இது மட்டும் படத்தில் இருந்திருந்தால் படம் பாழாகியிருக்கும் என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டு கட்சியும் சரி என்றே தோன்றுகிறது. அவர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்லவில்லை. இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். அது நல்ல இசைதான். அந்தப் படத்துக்கு ஆகாத இசை.

இதன் மறுபக்கமும் நம்மிடமே இருக்கிறது. இளையராஜா 1986-ல் எந்தப் படத்துக்கும் என்று இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பைச் செய்தார். பாலு மகேந்திரா 1988-ல் வந்த ‘வீடு’ படத்தில் அதிலிருந்து பகுதிகளை எடுத்துப் பின்னணியாக வைத்தார். பாட்டே இல்லாத படம். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கக் கிழவர் வருகிறாரே, அதைப் பார்த்தவர்கள் பிறகு அந்த இசையை எங்கே கேட்டாலும் சிமெண்டுப் பூசாத செங்கல் சுவர்தான் எதிரில் வந்து நிற்கும். அந்த இசை பிறந்தபோது அதில் வீடும் இல்லை, கிழவரும் இல்லை. இப்போது இல்லை என்று யார் சொல்வார்கள்? இதைக் கேட்டு ஒருவர் அழுதால், அழுகை ஸ்வரத்துக்கா சுவருக்கா என்று விசாரித்துக்கொண்டிருக்க நமக்கு என்ன அதிகாரம்?

அந்த மாடியில் இப்போதும் கூட்டம் நடக்கிறது. போன மாதம் அந்த இளைஞர் பெரியவருடைய பழைய துணுக்கை எங்கிருந்தோ தேடி எடுத்து, அதில் ஒட்டியிருந்த காலடிச் சத்தத்தையும் கதாநாயகி சொல்லும் இரண்டு வார்த்தைகளையும் கம்ப்யூட்டரில் வைத்துத் துடைத்து, புல்லாங்குழலை மட்டும் துலக்கமாக்கிக் கொண்டுவந்தார். அது சமாதானத்துக்காக என்று எல்லோருக்கும் புரிந்தது. “இப்போது கேளுங்கள் சார், மூன்றாவது தடவை வரும்போது அந்த நாலு ஸ்வரத்தில் ஒன்று மாறுகிறது, அன்று நான் அதைக் கவனிக்கவில்லை” என்றார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “ஆமாம் தம்பி, மாறுகிறது. இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “காலடிச் சத்தத்தை மட்டும் திரும்பப் போட முடியுமா?” என்று கேட்டார்.