மாடியின் கைப்பிடிச்சுவர்

காஞ்சிபுரத்தின் பட்டுத் தறி மனிதனுக்குக் கட்டுப்பட்டது. குழியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளர் மிதித்தால் அது இயங்கும். அவர் ஓய்ந்தால் அதுவும் ஓயும். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களும் துணைக்கு ஒருவரும் வேண்டும். துணையாளின் கை சோர்ந்தால் நெசவாளர் காத்திருப்பார், தறியும் காத்திருக்கும்.

அதே மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கே மின்விசையால் ஓடும் இயந்திரம் தானாக எவருக்காகவும் காத்திருப்பதில்லை. தொழிற்சாலைகளில் பண்டங்களைப் பொட்டலமிடும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அது பிளாஸ்டிக் தாளைக் குழாயாக வளைக்கிறது. பண்டத்தை உள்ளே கொட்டுகிறது. சூடேறிய இரு தாடைகளால் அழுத்தி ஒட்டிக் கத்தியால் துண்டிக்கிறது. தாள் சிக்கிக்கொண்டால், அதை எடுக்க அத்தாடைகளுக்கிடையே ஒரு கை நீள்கிறது.

காப்புக் கதவு இருக்கிறதே என்போம். கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும்படி ஒரு சுவிட்சும் உண்டு. ஆனால் தாள் அடிக்கடி சிக்கி, ஒவ்வொரு முறையும் மீண்டும் இயக்க நேரம் பிடித்தால், அன்றைய கணக்கை முடிக்கவேண்டிய தொழிலாளி அந்தச் சுவிட்சைக் கட்டிப்போடும் நாள் வரும். விரல் நசுங்கியபின், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. தாள் ஏன் அடிக்கடி சிக்கியது என்று இயந்திரத்தை வரைந்தவரை நோக்கிக் கேட்பவர் அரியர்.

சட்டம் கேட்கிறது. 1984ஆம் ஆண்டுப் போபால் பேரழிவுக்குப் பின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 7-பி என்னும் பிரிவு 1987இல் சேர்க்கப்பட்டது. தொழிற்சாலைக்கென ஒரு பொருளை வடிவமைப்பவர், நியாயமாக இயன்ற அளவு அது தீங்கற்றதாக அமைவதை உறுதிசெய்ய வேண்டும் என்றது அது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வடிவமைப்பாளரின் கடமையைக் கூறுகிறது. ஐ.எஸ்.ஓ. 12100 என்னும் பன்னாட்டுத் தரநெறி அக்கடமைக்கு வரிசையே வகுக்கிறது. முதலில் ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்க வேண்டும். நீங்காததற்குக் காப்பிட வேண்டும். அதன்பின்னும் எஞ்சுவதற்கே எச்சரிக்கை. எச்சரிக்கைப் பலகை விலை குறைந்தது என்பதால் அதை முதலில் மாட்டிவிடும் சோதனை எப்போதும் உண்டு.

'இயன்ற அளவு' என்பது எவ்வளவு? விலையைக் குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளருக்கும் அவரை இழக்க விரும்பாத முதலாளிக்கும் நடுவே, சம்பளத்துக்கு உழைப்பவர் பொறியாளர். எல்லாச் சுமையையும் அவர் தலையில் ஏற்றுவது நீதியன்று. ஆயினும் தாடைகளுக்கிடையே கை நுழையக்கூடும் என்பதை முதலில் காணக்கூடியவர் அவரே. கண்டதைச் சொல்வதும், எழுதி வைப்பதும், மாற்று வழியை வரைந்து காட்டுவதும் அவருக்கு இயன்றவையே. ஆபத்தை அறிந்தும் மௌனமாய்க் கையொப்பமிடுவதை எந்தச் சம்பளமும் நியாயப்படுத்தாது.

புது வீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் அமைக்கவேண்டும் எனப் பணிக்கிறது இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம். அமைக்காவிடில், விழுந்தவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. மாடிக்கு யார் யார் வருவர் எனக் கட்டுவோர் அறியார்; முன்பின் அறியாத அவர்களுக்காகவும்தான் அந்தச் சுவர்.

நம் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் பயில்கின்றனர். அயலார்மீது அன்பு என்பதை அண்டை வீட்டாரோடு நிறுத்திக்கொள்ள அவர்களுக்கு நாம் கற்பிக்கலாகாது. அவர்கள் வரையும் இயந்திரத்தின் முன், அவர்கள் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவர் நாள்தோறும் நிற்பார். அவர் முழு உடலோடு வீடு திரும்புவதும் அவர்கள் செய்யும் தொழிலின் ஒரு பகுதியே.