தாளமும் சட்டமும்

கூடி மகிழ்தல் மனித இயல்பு. கூட்டத்தை ஒழுங்கில் நிறுத்துதல் அரசின் கடமை. இவ்விரண்டும் மோதும்போது அறம் எப்பக்கம் நிற்கும்? இவ்வினாவை ஸ்காட்லாந்து நாடகம் ஒன்று கூர்மையாக எழுப்புகிறது. கீரன் ஹர்லி எழுதித் தாமே நடித்து 2012இல் மேடையேற்றிய ‘பீட்ஸ்’ என்பது அதன் பெயர். தாள அடிகள் என்பது பொருள்.

மேடையில் பேசுபவர் ஒருவரே. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அவர் கதை சொல்கிறார். அருகே ஒருவர் இசைத்தட்டுகளால் நடன இசையை எழுப்புகிறார். நம் கதாகாலட்சேபத்தைப் போலவே பாத்திரங்கள் அனைவரும் ஒரே நாவில் பிறக்கின்றனர். 1994ஆம் ஆண்டு. 15 வயதுச் சிறுவன் ஒருவன் தோழனுடன் இரவு நடனக் கூட்டத்திற்குச் செல்கிறான். தாய் அஞ்சித் தவிக்கிறாள். கூட்டத்தைக் கலைக்கக் காவலர் வருகின்றனர்.

இக்கதையின் பின்னே வரலாறு உண்டு. 1980களின் இறுதியிலிருந்து பிரிட்டானிய இளைஞர் வயல்வெளிகளிலும் வெறுமையான கிடங்குகளிலும் விடியும்வரை ஆடினர். 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் பல்லாயிரவர் நாள்கணக்கில் கூடினர்; அக்கம்பக்கத்தார் உறக்கம் இழந்தனர். 1994இல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம், திறந்த வெளியில் இரவில் உரத்த இசையுடன் 100 பேரோ அதற்கு மேலோ கூடித் தொல்லை விளைத்தால், அவர்களை வெளியேற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. இசை எது என விளக்கப் புகுந்த அச்சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாள அடிகளின் தொடரையும் அதனுள் அடக்கியது. நாடகத்தின் பெயர் அவ்விளக்கத்தை நினைவூட்டுவது.

பிறர்க்குத் தீங்கு நேராமல் காப்பதற்கன்றி ஒருவனது உரிமையில் தலையிடலாகாது என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல். அந்த அளவுகோலால் நோக்கின், ஊரார் உறக்கத்தைக் காத்தல் நியாயமே. போதைப் பொருளுக்கு அஞ்சும் தாயின் கவலையும் பொய்யன்று. ஆயினும் இரைச்சலின் அளவைக் கேட்பதோடு நில்லாது தாளத்தின் வகையையும் சட்டம் சுட்டும்போது, அது தீங்கைத் தடுக்கிறதா, தனக்குப் புரியாத மகிழ்ச்சியைத் தண்டிக்கிறதா என்னும் ஐயம் எழுகிறது. தீங்கு வேறு; வெறுப்பு வேறு. வெறுப்பு எப்போதும் தீங்கின் உடையை உடுத்தே அவைக்கு வரும்.

சட்டம் பொதுமையில் பேசுவது. அதன் கண்ணுக்கு 100 பேர் ஓர் எண்ணிக்கை. அரங்கோ ஒவ்வொருவரையும் ‘நான்’ எனப் பேச வைக்கிறது. ஒரே நடிகர் சிறுவனாகவும் தாயாகவும் காவலராகவும் மாறும்போது, எவரையும் முற்றாகப் பகைக்க நம்மால் இயலவில்லை. இதனால் தீர்ப்பே வேண்டாம் என்பதன்று. அனைவரையும் புரிந்துகொண்டு எவரையும் காவாது விடுவதும் அறமாகாது. தீர்ப்புக்கு முன்னர் எதிராளியின் குரலை ஒருமுறையேனும் நம் நாவில் ஏற்றுப் பார்த்தோமா என்பதே கேள்வி.

வயல்களில் ஆடிய அந்த இளைஞர் இன்று நடுவயதினர், பலர் பெற்றோர். தம் பிள்ளைகளின் இசை அவர்கள் செவிக்கும் இரைச்சலாகவே படலாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் இத்தேர்வு ஒருமுறை வந்தே தீரும்.