பழைய வெந்நீர்க் கலனும் மிகுபொருள் விரும்பாமையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் மிகுபொருள் விரும்பாமை என்பதை, ‘புதிது வாங்காதே’ என்னும் ஒற்றைக் கட்டளையாக நம்மில் பலர் சுருக்கிக் கொண்டுள்ளோம். அது பொருந்துமா என்பதைச் சிறியதொரு வீட்டுப் பொருளைக் கொண்டு ஆராய விழைகிறேன்.

எங்கள் குளியலறையில் 15 லிட்டர் மின் வெந்நீர்க் கலன் (கீசர் என்றால்தான் பலர்க்கும் விளங்கும்) 19 ஆண்டுகள் உழைத்தது. பின் அடிப்புறம் துருவேறிக் கசியத் தொடங்கியது. “நீர் இன்னும் சுடுகிறதே, மாற்றுவானேன்?” என்றார் என் கணவர். புறந்தள்ளத்தக்க வினா அன்று அது. தெர்மோஸ்டாட்டோ சூடேற்றும் சுருளோ பழுதாயின் அவற்றை மட்டும் மாற்றினால் போதும்; அதற்காகக் கலனையே எறிதல் வீண். உட்கலன் கசிவது வேறு வகை. உருக்குத் தகட்டைத் துருவினின்று காப்பதற்கு அதனுள் மக்னீசியக் கோல் ஒன்று பொருத்தியிருப்பர். அக்கோல் தான் கரைந்து தகட்டைக் காக்கும். அது கரைந்து தீர்ந்தபின் துரு தகட்டைத் தின்னும். உப்பு நீர் ஊர்களில் இது விரைந்து நிகழும். கசியும் உட்கலனை நம்பத்தக்க வகையில் செப்பனிட இயலாது.

இடர் அத்துடன் நிற்பதில்லை. தெர்மோஸ்டாட் செயலிழந்து, மிகைவெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பும் தவறி, அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கலன் வெடிக்கவும் கூடும். நம் பாட்டியர் காலத்துச் செப்புப் பாய்லரில் இவ்வச்சம் இல்லை. அதன் வாய் திறந்திருந்தது. (புகையும் கண்ணெரிச்சலும் இருந்தமையை மறைத்தல் ஆகாது.)

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்பதை முன்வைக்கிறது. இடரை அறிந்தும் செலவுக்கு அஞ்சி வாளாவிருத்தலை அந்த இலக்கணத்தினின்று எவ்வாறு விலக்குவது? அதனைச் சிக்கனம் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை. உலோபம் என்பதே அதன் பெயர். பரிக்கிரக பரிமாணம் என வடமொழியில் வழங்குவதும் அளவு செய்துகொள்ளுதலையே குறிக்கும். முதியோர் இருவர்க்கு 6 லிட்டர் கலன் போதும், அதனையே வாங்கினோம். 15 லிட்டர் நீரை 27 பாகையினின்று 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 6 லிட்டருக்கு அதில் பாதியும் வேண்டா. நீரிலும் தீயிலும் ஓரறிவுயிர் உண்டெனக் கொள்ளும் நமக்கு இக்கணக்கு மின்கட்டணத்தோடு முடிவதன்று.

இதனினும் கடிய வினா ஒன்று எஞ்சியது. “தூக்கிப் போடறத எனக்குக் குடுங்கம்மா, பேரப்பிள்ளைக்குத் தண்ணி காய வைக்க ஆகும்” என்றார் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார். கொடுத்திருந்தால் தானம் செய்தோம் என்னும் நிறைவு எமக்குக் கிட்டியிருக்கும். எம் வீட்டு இடரோ, நில இணைப்பு உண்டோ இல்லையோ என்றறியாத அவர் வீட்டுச் சுவருக்கு மாறியிருக்கும். எமக்கு ஆகாதென விலக்கியது அவருக்கு மட்டும் எவ்வாறு ஆகும்? பழைய பொருள் வாங்குவோரிடம் அப்படியே விற்பினும், அது வேறோர் எளியவர் வீட்டில் மீண்டும் ஏறக்கூடும்.

ஆகலின் மின்கம்பியை வெட்டி, உட்கலனில் துளையிட்டு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். அந்த அம்மையார்க்கு மூடியுடன் ஓர் அலுமினியத் தவலை வாங்கித் தந்தோம். சுடுகின்ற கலனைத் துளையிட்டது மிகை என்றே என் கணவர் இன்றும் கூறுகிறார்.