ரசனை அறமாகுமா?

நடுத்தர வயதினர் ஒருவர் இசைத்தட்டுக் கடையொன்றினுள் நுழைகின்றார். மகளின் பிறந்தநாளுக்குப் பரிசளிப்பதற்காக, ஸ்டீவி வொண்டர் 1984ஆம் ஆண்டிலே பாடிப் புகழடைந்த காதற்பாடலொன்றின் தட்டினைக் கேட்கின்றார். தட்டு கடையில் இருக்கின்றது. வாங்குவதற்கு அவரும் ஆயத்தமாகவே நிற்கின்றார். ஆயினும் கடை உதவியாளன் அதனை விற்க மறுக்கின்றான். அப்பாடல் மலிவான கண்ணீர்ச் சரக்கு என்பது அவனது தீர்ப்பு. அத்துடன் நில்லாது, தம் மகளையே அறியாத தந்தை என அவரை ஏளனமுஞ் செய்கின்றான். மனிதர் சினந்து வெளியேறுகின்றார். பார்த்திருக்கும் நாம் சிரிக்கின்றோம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹை பிடெலிற்றி' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலே வருங் காட்சி இது. ஆங்கில எழுத்தாளர் நிக் ஹோன்பி 1995இல் எழுதிய நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட படம். நாவல் இலண்டனிலே நிகழ்வது. படம் அக்கதையைச் சிக்காக்கோ நகருக்குக் கொண்டுசென்றது. நெறியாண்டவர் ஆங்கிலேயரான ஸ்டீவன் பிறியேர்ஸ். கதாநாயகனாக நடித்ததுடன் திரைக்கதை எழுதியோருள் ஒருவராகவும் இருந்தவர் ஜோன் கியூசாக். காதல் நகைச்சுவைப் படம் என்றே இது வகைப்படுத்தப்படுகின்றது. அத்தகைய படங்களைச் சிந்தனைக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. ஆயின், சிரித்து முடிந்தபின்னரும் ஒரு வினா மனத்திலே தங்குமாயின் அதனைப் பின்தொடர்வது நம் கடனாகும். மேற்கூறிய காட்சியிலே நாம் யாருடைய பக்கத்தில் நின்று சிரித்தோம்? நல்ல இசையை அறிந்தவன் என்பதனால் மாத்திரம் ஒருவன் மற்றவனிலும் மேலானவன் ஆகிவிடுகின்றானா? சுருங்கக் கூறின், ரசனை அறமாகுமா?

அக்கடையின் சொந்தக்காரனாகிய றொப் என்பவனே கதைத் தலைவன். முப்பது வயதைக் கடந்தவன். வருவாய் அதிகமில்லாத கடை. வாரத்தில் மூன்று நாட்களுக்கென வேலைக்கு அமர்த்தப்பட்டு, வேறு போக்கிடமின்றி நாள்தோறும் வந்துவிடும் இரு உதவியாளர்கள். இம்மூவருடைய உலகமும் இசைத்தட்டுகளே. எதனையும் ஐந்து ஐந்தாக வரிசைப்படுத்துவது இவர்களது வழக்கம். படம் தொடங்கும்போது, றொப்புடன் வாழ்ந்த லோறா என்னும் பெண் வழக்கறிஞர் அவனைப் பிரிந்து செல்கின்றாள். அவனோ தன் வாழ்விலே தன்னை மிகவும் வருத்திய ஐந்து பிரிவுகளை வரிசைப்படுத்தி, அவ்வைந்தினுள் உனக்கு இடமில்லை என்று அவளைப் பழிதீர்க்கின்றான். பின்னர் தன்னிடமுள்ள இசைத்தட்டுகள் அனைத்தையும் நிலத்திலே பரப்பி, அகரவரிசையிலன்றித் தன் வாழ்க்கைச் சம்பவங்களின் வரிசையிலே அடுக்க முற்படுகின்றான்.

இவ்விடத்திலே பட்டியல் என்பதன் இயல்பினைச் சற்று நோக்குதல் தகும். பட்டியலிடுபவன் நீதிபதியின் ஆசனத்தில் அமர்கின்றான். அவ்வாசனத்தில் இருக்கும்வரை தான் விசாரிக்கப்படுவதில்லை. மொசார்ட் 1787இல் ஆக்கிய 'டொன் ஜியோவன்னி' இசைநாடகத்திலே, தலைவனால் வஞ்சிக்கப்பட்ட பெண்களின் பட்டியலை அவனுடைய பணியாளன் பாடுகின்றான். ஸ்பெயின் நாட்டில் மட்டும் 1003 பேர். டென்மார்க்கின் தத்துவஞானி கீர்க்ககார்ட், 1843இல் வெளியிட்ட 'அல்லது-அல்லது' என்ற நூலிலே, அவ்விசைநாடகத்தைப் பற்றி விரிவாக எழுதப்பெற்ற ஒரு பகுதியுண்டு. கணந்தோறும் புதிய சுவையை நாடி, எதனையும் தனக்குரியதெனப் பொறுப்புடன் தெரிவு செய்யாத வாழ்வின் உருவம் அங்கே தீட்டப்படுகின்றது. அந்நூலின் மறுபாதியோ தெரிவுக்கும் அதனால் வரும் பொறுப்புக்கும் ஆளாகும் அறவாழ்வினைப் பேசுகின்றது. றொப்பினுடைய பட்டியல் ஜியோவன்னியின் பட்டியலுக்கு நேர்மாறானது. அவன் வென்ற பெண்களையன்று, அவனைக் கைவிட்ட பெண்களையே அது கூறுகின்றது. எனினும் இரண்டினுக்கும் பொதுப்பண்பு ஒன்றுண்டு. இரண்டிலும் எண் முன்னே நிற்கின்றது. பெண் அதன் பின்னே மறைந்துபோகின்றாள்.

படத்தின் பெயர் தானும் பொருள் பொதிந்தது. ஒலிப்பதிவுத் துறையிலே, பதிவுசெய்யப்பட்ட ஓசை மூல ஓசைக்கு எவ்வளவு வழுவாதிருக்கின்றது என்பதனை அச்சொற்றொடர் குறிக்கும். காதலிலோ அதே சொல் கற்பினை, துணைவரிடத்து வழுவாமையைக் குறிக்கும். இவ்விரு பொருளையும் இணைத்து நோக்கின் கதையின் உட்கிடை புலனாகும். ஊசி பட்டுத் தேய்ந்த இசைத்தட்டிலே ஒரு சிறு கீறலையுங் கண்டுபிடித்து வருந்துபவன் றொப். ஆயின் அவனுடைய நினைவிலே பதிந்துள்ள பெண்களோ மூலத்திற்குச் சற்றும் ஒவ்வாத பிரதிகள். அந்தப் பிழையை உணருஞ் செவி அவனுக்கு இல்லை.

தன்னை ஏன் எல்லோரும் கைவிட்டனர் என்று வினவுவதற்காக அவன் அப்பழைய காதலியரைத் தேடிச் செல்கின்றான். அவர்களுள் ஒருத்தி பெனி. பள்ளிப்பருவத்திலே தன் உடல் விருப்பத்துக்கு அவள் இணங்கவில்லை என்பதற்காக அவளை விலக்கியவன் தானே என்பதனை அவன் மறந்தே போயிருந்தான். அவள் அதனை மறக்கவில்லை. அவன்பால் மிக்க அன்பு வைத்திருந்ததையும், அவன் விலகியபின் மனமுடைந்த நிலையிலே வேறொருவனின் வற்புறுத்தலை எதிர்க்க வலுவின்றிப் பணிந்துபோனதையும், அந்த நிகழ்ச்சி பல்லாண்டுகள் தன்னை வாட்டியதையும் அவள் சினத்தோடு கூறிவிட்டு எழுந்து செல்கின்றாள். றொப் என்ன செய்கின்றான்? மகிழ்கின்றான். தான் கைவிடப்பட்டவனல்லன், கைவிட்டவனே என்று அறிந்து பட்டியலிலிருந்து ஒரு துன்பம் நீங்கியதாகக் களிக்கின்றான். படம் முழுவதிலும் நம்மைத் திடுக்கிடச் செய்யும் இடம் இதுவே. ஒரு பாடலின் ஒவ்வொரு தாளத்தையும் பகுத்தறியும் செவியிலே ஒரு பெண்ணின் துயரம் விழவேயில்லை. கேட்டான்; ஆயின் கேட்கவில்லை.

லோறாவிடத்தும் அவன் இவ்வாறே இருந்தான். அவள் பிரிந்து சென்றதற்கான காரணங்களை அவன் நமக்கு உடனே கூறிவிடுவதில்லை. நமது இரக்கத்தைப் பெற்றுக்கொண்ட பின்னரே அவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அவன் வேறொருத்தியுடன் உறவுகொண்டான். அப்பொழுது லோறா கருவுற்றிருந்தாள். அதனை அவன் அறியான். அவனது செயலை அறிந்த அவள், அவனுக்குச் சொல்லாமலே கருவைக் கலைத்தாள். அவளிடம் பெருந்தொகையைக் கடனாக வாங்கி அவன் திருப்பிக் கொடுக்கவுமில்லை. இத்தனைக்கும் பின்னர், யார் என்னைக் கைவிட்டனர் என்று பட்டியலிட அவனால் முடிகின்றது.

இங்கே ஒரு நியாயத்தையும் மறைக்காது கூறல் வேண்டும். இக்கடையில் உள்ளோர் இயல்பிலே கொடியவர்கள் அல்லர். பணமும் பதவியுமே மனிதனை அளக்கும் கோலாக அமைந்துள்ள ஒரு நகரத்திலே, அவ்விரண்டும் இல்லாதார் தம்மை நிமிர்த்திக்கொள்வதற்கு ஏதேனுமொன்று தேவைப்படுகின்றது. இவர்களுக்கு வாய்த்தது இசையறிவு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, ரசனை என்பது தனிமனிதனின் தூய உள்ளுணர்வு அன்று, அது சமூகத்தில் மேல் கீழ் வகுக்கும் கருவியுமாகும் என்று நிறுவினார். பிறவற்றைத் தரம்பிரிப்பவன் அச்செயலாலேயே தன்னையும் தரம்பிரித்துக் காட்டுகின்றான் என்பது அவர் கண்ட முடிபு. சமூகத்தின் அளவுகோலால் சிறுமைப்பட்ட கடை உதவியாளன், அவ்வளவுகோலை முறித்தெறிந்தானல்லன். தனக்கென இன்னொன்றைச் செய்துகொண்டு, வாயிலினுள் நுழைந்த அப்பாவித் தந்தையை அதனால் அடித்தான். ஒடுக்கப்பட்டவன் அடையும் இத்தகைய வெற்றி விடுதலையாகாது.

நாவலிலே இடம்பெறும் நிகழ்ச்சியொன்று இக்கருத்தினை மேலுந் தெளிவாக்குகின்றது. படத்துக்காக எடுக்கப்பட்டும் இறுதி வடிவத்திலே சேர்க்கப்படாத காட்சி அது. ஒரு பெண்மணி, இளம்பெண்ணொருத்தியுடன் சென்றுவிட்ட தன் கணவனின் அரிய இசைத்தட்டுத் தொகுதியை மிக அற்ப விலைக்கு விற்க முன்வருகின்றாள். றொப்பினால் அதனை அவ்விலைக்கு வாங்க முடியவில்லை, மனச்சான்று தடுக்கின்றது. ஆகவே, அவனுக்கு மனச்சான்று இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயின் அது யாருக்காகப் பேசுகின்றது? எதிரே நிற்கும் வஞ்சிக்கப்பட்ட மனைவிக்காக அன்று. தான் ஒருபோதும் கண்டிராத, ஆயினும் தன்னைப்போல இசைத்தட்டுச் சேர்த்த அந்தக் கணவனுக்காக. ஒரே பொருளை நேசிப்போரிடையே தோன்றும் இந்தத் தோழமை, ஒருவகை இனப்பற்றாகிவிடுகின்றது. அதன் வேலிக்கு வெளியே நிற்பவர் மனிதராகத் தோன்றுவதில்லை.

'கலையை அறத்தின் ஏவலாளாக்க வேண்டுமா? பாடல் நன்று என்பது போதாதா?' என்று சிலர் வினவக்கூடும். பாடலின் சிறப்பு, அதனை நயப்பவனின் ஒழுக்கத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். நாம் கூறுவது வேறு. கலையை நயத்தல் என்பது நமக்குப் புறம்பான ஒன்றினிடத்துப் பொறுமையோடு செவிசாய்த்தலாகும். பாடகர் எங்கே மூச்சுவாங்குகின்றார், எங்கே குரல் தழுதழுக்கின்றது என்று உணருமாறு அது நம்மைப் பழக்குகின்றது. அப்பழக்கம் இசைத்தட்டோடு நின்றுவிடுமாயின் பயனென்ன? கண்ணோட்டத்தைப் பற்றிக் கூறவந்த வள்ளுவரும் இசையையே உவமையாகக் கொண்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ரசனை அறமாகாது, ஆயின் அது அறத்துக்கு ஒரு பயிற்சிக்களம் ஆகலாம். ஆகுமா ஆகாதா என்பது, செவியை நாம் எங்கே எடுத்துச் செல்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

றொப் இறுதியிலே சிறிது மாறுகின்றான். கடையிலே திருடிய இளைஞர் இருவரின் இசையைத் தட்டாக வெளியிட முன்வருகின்றான்; பிறர் ஆக்கியதைத் தரம்பிரித்து வந்தவன் தானும் ஒன்றை ஆக்கித் தீர்ப்புக்கு உட்படுகின்றான். புதிதாகச் சந்தித்த பெண்ணொருத்திக்காகப் பாடல்களைத் தொகுத்து ஒலிநாடா தயாரிக்கையில், மீண்டும் பழைய சுழலிலேயே அகப்பட்டிருப்பதை உணர்கின்றான். முடிவிலே லோறாவுக்காக ஓர் ஒலிநாடா தயாரிக்கின்றான். இம்முறை தனக்கு உகந்த பாடல்களைக் கொண்டு அவளுக்குப் பாடம் புகட்ட அவன் எண்ணவில்லை. அவளுக்குப் பிடித்தமானவை எவை, அவளை மகிழ்விப்பவை எவை என்று எண்ணிப் பார்க்கின்றான்.

இம்மாற்றத்தை மிகைப்படுத்தலாகாது. கதை முழுவதும் றொப்பின் வாய்மொழியாகவே வருகின்றது. லோறாவின் நெஞ்சத்துள் நாம் நுழைவதில்லை. தந்தையை இழந்த துயரினாலும் களைப்பினாலும் அவள் அவனிடம் திரும்புகின்றாள். மன்னிப்பின் விலையைச் செலுத்துபவள் அவளே. நகைச்சுவைக்கு இன்பமான முடிவு தேவை என்பதனால் அக்கணக்கு விரைவில் மூடப்படுகின்றது. 2020இல் இதே கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது கடைக்காரர் பாத்திரம் பெண்ணாக மாற்றப்பட்டது. பட்டியலிடும் நோய் ஆணுக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு அம்மாற்றமும் ஒரு சான்று எனலாம்.

இனி, வெறுங்கையோடு வெளியேறிய அந்தத் தந்தையிடம் மீள்வோம். அவருடைய மகளுக்கு அப்பாடல் பிடித்திருக்குமோ, அறியோம். அது சிறந்த பாடல்தானா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயின் அன்று அக்கடையிலே நின்றோருள், ஒரு பாடலை இன்னொருவரின் மகிழ்ச்சிக்காகத் தேடிவந்தவர் அவர் ஒருவரே. ஒலிநாடாவின் முன் அமர்ந்து, லோறாவுக்கு எது பிடிக்கும் என்று றொப் முதன்முறையாக எண்ணுகின்றபோது, அவன் வந்து சேர்ந்திருக்கும் இடம் அத்தந்தை கடைவாயிலில் நுழைந்தபோதே நின்ற இடமாகும். இதனை உணர்ந்தபின் அக்காட்சியை மீண்டும் பார்ப்போமாயின், சிரிப்பதற்கு முன் சற்றுத் தயங்குவோம்.