எடுத்த இடத்திலேயே
கோல்ஃபில் பந்து குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரைக்கு வந்துவிட்டால், அதைக் கையில் எடுத்துத் துடைக்கலாம். எடுக்கும் முன் பக்கத்தில் நாணயமோ வில்லையோ வைத்து அடையாளமிட வேண்டும். பிறகு அதே புள்ளியில் திரும்ப வைக்க வேண்டும். 2017இல் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்சி தாம்சன் ஓர் அங்குலம் போலத் தள்ளி வைத்துவிட்டார். தொலைக்காட்சியில் பார்த்தவர் ஒருவர் மறுநாள் சுட்டிக்காட்ட, இடம் மாறியதற்கு இரண்டு, தவறான மதிப்பெண் அட்டைக்கு இரண்டு என நான்கு அடி தண்டனை. முன்னணியில் இருந்தவர் கூடுதல் குழியில் தோற்றார்.

ஓர் அங்குலத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். பந்தை எடுப்பவரும் வைப்பவரும் ஆட்டக்காரரே. கூடவே நின்று பார்க்கும் நடுவர் பெரும்பாலும் இல்லை. அங்குலத்தை விட்டால் எங்கே நிறுத்துவது? இடம் முக்கியமாவது கோல்ஃபில் மட்டுமல்ல: பெரம்பலூர் மாவட்டம் காரையில் பொறுக்கிய அம்மோனைட் புதைபடிவம் எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காவிட்டால், ஆய்வாளருக்கு அது வெறும் அழகுக் கல். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்துப் புதைபடிவத்துக்கும் அதே கதிதான். ஆனால் தாம்சனுக்கு மதிப்பெண் அட்டைக்காக விதித்த இரண்டு அடித் தண்டனை அதிகப்படி. தனக்கே தெரியாத தண்டனையை அவர் எப்படி எழுதியிருப்பார்? 2018 முதல் அந்த அட்டைத் தண்டனையைக் கைவிட்டார்கள். பச்சைத் தரையில் கை தவறிப் பந்து நகர்ந்தாலும் இப்போது தண்டனையில்லை, திரும்ப வைத்தால் போதும். காற்றுக்குத்தான் தனிக் கணக்கு: எடுத்து வைத்த பந்தை அது உருட்டினால் பழைய இடம், எடுக்காத பந்தை உருட்டினால், உருண்டு போய் நின்ற இடத்திலிருந்தே ஆட்டம்.